கைரேகைக்குப் பின்னால்

சென்ற இதழில், வசதியுள்ள குடும்பங்கள் ரேஷன் கடையில் இலவச அரிசி வாங்கலாமா என்ற ஒரு வாசகரின் கேள்விக்கு, "சட்டப்படி வாங்கலாம், மற்றதை அவரவர் முடிவு செய்துகொள்ள வேண்டும்" என்று இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த 'மற்றது' என்பது என்ன என்று கேட்டு ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல் மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்கள் என் மேசையில் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டன. உணவு வழங்கல் துறையில் இந்தப் பகுதியிலேயே நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இரண்டு வரியில் தப்பித்துக்கொண்டது என் பிழைதான். அதனால் இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதும் ரேஷன் அட்டையைப் பற்றியதாகவே அமைகிறது. பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டிருப்பதால் ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கோபிசெட்டிபாளையம் வாசகர்: எங்களுக்குத் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் 6 ஏக்கர் வயல் இருக்கிறது. மகன் பெங்களூரில் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். வீட்டுச் சோற்றுக்கு எங்கள் நெல்லே போதும். ஆனாலும் மாதம் தவறாமல் ரேஷன் அரிசி வாங்கி, வேகவைத்து மாடுகளுக்கும் கோழிகளுக்கும் போடுகிறோம். "நான் கட்டுகிற வரியும் அதில் இருக்கிறது" என்று நான் சொல்கிறேன். என் மருமகள் ஒப்புக்கொள்வதில்லை. யார் சொல்வது சரி?

முதலில் உங்கள் அட்டையை எடுத்து, அதில் அச்சாகியிருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். 2017 முதல் வழங்கப்பட்டுவரும் மின்னணு அட்டைகளில் 'பி.எச்.எச்.' என்றிருந்தால் அது முன்னுரிமைக் குடும்ப அட்டை, 'என்.பி.எச்.எச்.' என்றிருந்தால் முன்னுரிமை இல்லாத குடும்பத்துக்கான அரிசி அட்டை. கடைக்காரர் இருவருக்கும் ஒரே மூட்டையிலிருந்துதான் அள்ளிப் போடுவார். ஆனால் அந்த அரிசி வந்த கணக்கு வேறு, உங்கள் கேள்விக்கான பதிலும் அதற்கேற்ப வேறு.

மத்திய அரசு 1997-இல், வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று மக்களைப் பிரித்து ரேஷன் வழங்கும் முறையைக் கொண்டுவந்தபோது, தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்காமல் அட்டை வைத்திருப்பவர் எல்லோருக்கும் பொருள் என்ற பொது முறையையே தொடர்ந்தது. கிலோ 2 ரூபாய், பிறகு 1 ரூபாய் என்று குறைந்துவந்த அரிசி, 2011 ஜூன் 1 முதல் விலையில்லா அரிசி ஆயிற்று. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே 2016 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோதும், அந்தச் சட்டத்தின் கீழ் வரும் ஏறத்தாழ 3 கோடியே 64 லட்சம் பேரைத் தவிர, அதற்கு வெளியே நிற்கும் அரிசி அட்டைக் குடும்பங்களுக்கும் மாநில அரசு தன் நிதியிலிருந்து கொடுத்துவருகிறது. ஆகவே உங்களுடையது 'என்.பி.எச்.எச்.' அட்டையாக இருந்தால், 6 ஏக்கர் வயலும் பெங்களூர் மகனும் இருப்பது விதிப்படி ஒரு தடையே இல்லை. நீங்கள் எதையும் மறைக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை.

'பி.எச்.எச்.' என்றிருந்தால் கதை வேறு. 2017-இல் மாநில அரசு வெளியிட்ட உணவுப் பாதுகாப்பு விதிகள், வருமான வரி அல்லது தொழில் வரி செலுத்துவோர் உள்ள குடும்பம், 5 ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கும் பெரிய விவசாயி, நான்கு சக்கர வாகனம் வைத்திருப்பவர், குளிர்சாதனக் கருவி உள்ள வீடு ஆகியவற்றையெல்லாம் முன்னுரிமைப் பட்டியலிலிருந்து விலக்கியிருக்கின்றன. அப்போது, 'எங்கள் அரிசி நின்றுவிடும்' என்று ஊரெல்லாம் பதற்றம் பரவியது. அரிசி யாருக்கும் நிற்காது, பட்டியல்தான் மாறும் என்று அரசு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த விதிப்படி நீங்கள் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கக் கூடாதவர். பட்டியலில் இருக்கும் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு என்பதால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் இன்னொருவருடையது. நான்கைந்து பேருக்கு மேல் உள்ள கூலிக் குடும்பம் ஒன்றுக்கு அந்த இடம் கிடைத்தால், ஆளுக்கு 5 கிலோ என்ற கணக்கில் அவர்களுக்கு 20 கிலோவைத் தாண்டி அரிசி கிடைக்கும். முன்னுரிமை இல்லாத அட்டையில் எத்தனை பேர் இருந்தாலும் 20 கிலோவோடு நின்றுவிடும். இந்த வகைப்படுத்தலைப் பெரும்பாலும் அலுவலகமே செய்தது, நீங்கள் விண்ணப்பித்துப் பெறவில்லை என்பது உண்மைதான். அதனால் பழைய பிழையை உங்கள் மேல் சுமத்த மாட்டேன். தெரிந்த பிறகு வட்ட வழங்கல் அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்து மாற்றிக்கொள்ளாமல் இருந்தால், அப்போது அது உங்களுடையதாகிவிடும்.

மாட்டுக்குப் போடுவதைப் பற்றி. அரிசியை மாட்டுக்குப் போட்டார் என்பதற்காக ஒரு குடும்பத்தின் மேல் வழக்கு வந்து என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. சட்டத்தின் பிடி விற்பனையிலும் கடத்தலிலும்தான் இருக்கிறது. இருந்தாலும், நான் உங்கள் மருமகள் பக்கம்தான். இந்திய உணவுக் கழகத்தின் கணக்குப்படி ஒரு கிலோ அரிசியைக் கொள்முதல் செய்து, அரைத்து, சேமித்து, கடைவரை கொண்டுவந்து சேர்க்க 40 ரூபாயை ஒட்டிச் செலவாகிறது. புண்ணாக்கையும் தவிட்டையும்விட விலை கூடிய தீவனத்தை ஊரார் பணத்தில் கட்டுத்தரைக்குக் கொண்டுபோகிறீர்கள். அதுவும் நல்ல தீவனம் அல்ல. கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றைத் தின்ற மாடு வயிறு உப்பிப் படுத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். சோறு மிகுதியானால் இரைப்பையில் அமிலம் கூடிப்போகும் என்று எந்தக் கால்நடை மருத்துவரும் சொல்வார். 'என் வரி' என்ற வாதத்துக்கு வருகிறேன்: அரசு மருத்துவமனையிலும் உங்கள் வரி இருக்கிறது, அதற்காக மாதம் ஒரு முறை போய்ப் படுத்துக்கொள்கிறீர்களா?

வேண்டாத மாதத்தில் வாங்காமல் விட்டுவிடலாம். கடையில் மிஞ்சும் இருப்பு அடுத்த மாத ஒதுக்கீட்டில் கழிக்கப்படும் என்பதால் அது வீணாவதில்லை. நிரந்தரமாகவே வேண்டாம் என்றால், அரிசி அட்டையைச் சர்க்கரை அட்டையாகவோ, பொருள் எதுவும் பெறாத அட்டையாகவோ மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. பொங்கல் பரிசு அரிசி அட்டைக்குத்தானே வருகிறது என்ற தயக்கம் பலருக்கு இருப்பதை அறிவேன். அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்லவில்லை; ஆனால் அதை 'என் வரி' என்று பெயர் மாற்றிச் சொல்லாதீர்கள்.

பவானி வாசகி: நான் அரிசியும் சர்க்கரையும் மட்டும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், துவரம் பருப்பும் பாமாயிலும் வாங்கியதாகக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. கடைக்காரரைக் கேட்டால், "இருப்பு வந்ததும் தருகிறேன், பில் மட்டும் இப்போது போட்டுக்கொள்கிறேன்" என்கிறார். அவர் நல்ல மனிதர். புகார் செய்ய மனம் வரவில்லை.

அவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும். ஆனால் நீங்கள் கருவியில் விரலை வைப்பது கையெழுத்துப் போடுவதற்குச் சமம். "இந்தப் பொருளை நான் பெற்றுக்கொண்டேன்" என்று அரசுக்குச் சொல்லும் வாக்குமூலம் அது. பெறாத பொருளுக்கு விரல் வைத்தால், கடையின் கணக்கில் இருப்புக் குறைந்துவிடும். பொருளோ கடையில் இருக்கலாம், கடைக்கு வராமலே இருக்கலாம், பின்வாசல் வழியாகப் போயும் இருக்கலாம். நாளைக்கு ஆய்வாளர் வந்து கேட்டால், கணக்கு சரியாக இருப்பதற்குச் சாட்சி உங்கள் விரல்தான்.

இருப்பு வராத மாதத்துக்கு விதி வேறு வழி வைத்திருக்கிறது. 2024 மே மாதம் பருப்பும் பாமாயிலும் பல கடைகளுக்கு நேரத்தில் வந்து சேராதபோது, மே மாதத்துக்கு உரியதை ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசே அறிவித்தது. அதாவது, பில்லை முன்கூட்டிப் போட்டு வைக்க வேண்டிய தேவை கடைக்காரருக்கு இல்லை. அடுத்த முறை, விரல் வைக்கும் முன் திரையில் எந்தெந்தப் பொருள் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். "பருப்பு இன்றைக்கு இல்லை என்றால் அதை எடுத்துவிட்டுப் பில் போடுங்கள், வந்ததும் வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று சொன்னால், நல்ல மனிதர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் 1967 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை வட்ட அளவில் குறைதீர் முகாமும் நடக்கிறது.

பொள்ளாச்சி வாசகர்: எங்கள் தெருவுக்கு வாரம் ஒரு முறை இரு சக்கர வண்டியில் ஒருவர் வந்து ரேஷன் அரிசியைக் கிலோவுக்குச் சில ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறார். வீணாகக் கொட்டுவதற்கு விற்பது மேல் அல்லவா? அதில் யாருக்கு என்ன நட்டம்?

நீங்கள் எழுதியிருப்பது பொள்ளாச்சி என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வண்டியில் ஏறும் 10 கிலோ, ஊர் எல்லையில் ஏதோ ஒரு கிடங்கில் நூறு மூட்டையாகிறது. அங்கே சாக்கு மாறுகிறது; சில இடங்களில் அரிசியே மீண்டும் பட்டை தீட்டப்படுகிறது. பிறகு கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம், வாளையார் வழியாகக் கேரளத்துக்குள் நுழைந்து, அங்கே கடையில் விலை போட்டு விற்கப்படுகிறது. இன்னொரு பங்கு மாவாக அரைபடுகிறது. கோழித் தீவனத்துக்கும் போகிறது. எல்லைச் சாவடிகளில் குடிமைப்பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுத் துறையினர் லாரியைப் பிடித்தார்கள் என்று நாளிதழில் அடிக்கடி படிக்கிறோமே, அந்த லாரியில் இருப்பது உங்கள் தெருவைப் போன்ற பல தெருக்களின் அரிசி.

அட்டைக்குக் கொடுக்கும் பொருள் அந்தக் குடும்பத்தின் உபயோகத்துக்கு மட்டுமே. கைமாற்றி விற்பதற்கு இல்லை என்பதே 1982-ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலிருக்கும் மாநில ஆணையின் அடிப்படை. மீறினால் 1955-ஆம் ஆண்டின் இன்றியமையாப் பண்டங்கள் சட்டத்தின் 7-ஆம் பிரிவு வருகிறது. அதில் 3 மாதம் முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு. தொடர்ந்து கடத்துபவரை 1980-ஆம் ஆண்டின் கள்ளச்சந்தைத் தடுப்புச் சட்டத்தின்படி விசாரணையின்றியே 6 மாதம் வரை அடைத்துவைக்க முடியும். நடைமுறையில், பிடிபடுவது வண்டி ஓட்டுபவர்தான். இரண்டு கிலோ விற்ற பாட்டியைத் தேடி யாரும் வருவதில்லை. அதனால்தான் அது தவறாகவே தோன்றுவதில்லை. ஆனால் வாங்குபவர் ஒருவர் தெருவுக்கு வருகிறார் என்றால், தெரு விற்கிறது என்பதால்தான் வருகிறார்.

யாருக்கு நட்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். கடையில் மாதக் கடைசியில் போய், "அரிசி தீர்ந்துவிட்டது" என்று கேட்டுவிட்டுத் திரும்பும் தோட்டத்துக் கூலிப் பெண்ணுக்கு நட்டம். ஒரு பழைய செய்தியும் நினைவுக்கு வருகிறது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு காத்திருந்த காலத்தில் மத்திய உணவு அமைச்சராக இருந்தவர் உங்கள் பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம். அவர் பொறுப்பில் இருந்தபோதுதான், 1965 ஜனவரி 14 அன்று, இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது. அந்தக் கழகத்தின் சாக்கை மாற்றி எல்லை தாண்டுகிற வேலை அவர் ஊர்ப் பாதையிலேயே நடப்பது எனக்கு எப்போதும் உறுத்தும்.

திருப்பூர் வாசகர்: சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறேன். என்னிடம் பீகார், ஒடிசாவைச் சேர்ந்த 14 பேர் வேலை செய்கிறார்கள். அவர்கள் ஊரில் ரேஷன் அட்டை இருக்கிறதாம், ஆனால் இங்கே கடையில் கேட்டால் கிடைக்கவில்லையாம். என் அட்டையில் வாங்கும் அரிசியை அவர்களுக்குக் கொடுத்துவிடலாமா?

கொடுக்கும் மனம் நல்லது. ஆனால் அவர்களுக்கு உங்கள் அரிசி தேவையில்லை, அவர்களுடைய அரிசியே இங்கே இருக்கிறது. 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டிலும் நடைமுறையில் உள்ளது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டை எந்த மாநிலத்தில் இருந்தாலும், ஆதார் இணைக்கப்பட்டிருந்தால், அட்டை எண்ணையோ ஆதார் எண்ணையோ சொல்லி இங்குள்ள கடையில் விரல் வைத்து வாங்கலாம். ஆளுக்கு 5 கிலோ என்ற மத்திய ஒதுக்கீட்டுத் தானியம் மட்டும்தான் கிடைக்கும். தமிழ்நாடு தன் பணத்தில் கொடுக்கும் பருப்பும் பாமாயிலும் அவர்களுக்கு வராது. ஊரில் இருக்கும் குடும்பம் தன் பங்கை அங்கே வாங்கிக்கொள்ள, இங்கே இருப்பவர் தன் பங்கை இங்கே வாங்கிக்கொள்ளலாம். இந்தத் தானியத்துக்கு 2023 ஜனவரி முதல் விலை இல்லை.

"கிடைக்கவில்லை" என்பதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் இருக்கும்: அவருடைய பெயர் அட்டையில் இருந்தும் ஆதார் சேர்க்கப்படாமல் இருப்பது, அந்த மாதப் பங்கை ஊரில் முழுவதுமாக வாங்கி முடித்துவிட்டது, மொழி புரியாமல் கடைக்காரர் கையை ஆட்டி அனுப்பிவிட்டது. மூன்றாவதற்கு மருந்து உங்களிடம்தான் இருக்கிறது. ஒரு நாள் காலையில் உங்கள் கம்பெனி மேற்பார்வையாளரை அவர்களோடு கடைக்கு அனுப்புங்கள். 12 மணி நேரம் ஷிப்ட் பார்ப்பவருக்குக் கடை திறந்திருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரம் அனுமதி கொடுப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. அதைக் கேட்டு அவர் உங்களுக்குக் கடிதம் எழுத மாட்டார்.

காங்கேயம் வாசகி: என் தாயாருக்கு 74 வயது. தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கிறார். காலமெல்லாம் களை வெட்டி, வெங்காயம் அரிந்து, விரலில் ரேகையே இல்லை. ஒவ்வொரு மாதமும் கருவியில் விரல் பதியவில்லை என்று இரண்டு முறை, மூன்று முறை அலையவிடுகிறார்கள்.

விரல் பதியாத காரணத்துக்காக யாருக்கும் உணவுப் பொருளை மறுக்கக் கூடாது என்று 2017 அக்டோபரிலேயே மத்திய உணவுத் துறை எல்லா மாநிலங்களுக்கும் எழுதிவிட்டது. விரல் பதியவில்லை என்றால் கருவிழிப் பதிவு, கைப்பேசிக்கு வரும் கடவுச்சொல், அட்டையை ஸ்கேன் செய்து பதிவேட்டில் எழுதுவது என்று வேறு வழிகள் உண்டு. எந்தக் கடையில் எது இருக்கிறதோ அதைச் செய்து பொருளைக் கொடுக்க வேண்டியது கடைக்காரரின் கடமை. பலன் பெறுபவர் மூன்று நடை நடந்து நிரூபிக்க வேண்டியதில்லை. கடைக்குப் போகவே முடியாதவர், தன் சார்பில் வாங்க ஒருவரை நியமித்து அங்கீகாரப் படிவம் கொடுக்கலாம். 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கப்பட்ட தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருளைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். உங்கள் தாயார் தனித்து இருப்பவர் என்பதால் அவர் பெயர் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கடையிலேயே சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஒரு கேள்வி உங்களுக்கும் உண்டு. உங்கள் தாயாரின் அட்டையில் யார் யார் பெயர் இருக்கிறது? பேரன், பேத்தி பெயர்களும் அதிலேயே இருந்தால், அரசின் கணக்கில் அவர் தனித்து இருப்பவர் அல்ல. 'வேறு யாராவது வந்து விரல் வைக்கலாமே' என்று கடைக்காரர் சொன்னால் அவர் விதிப்படி பேசுகிறார். காங்கேயத்தில் இருக்கும் நீங்கள் மாதம் ஒரு நாள் அந்த யாராவது ஆகலாம்.

ராசிபுரம் வாசகர்: மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் அட்டைக்கு ஒருவருக்குத்தான் என்கிறார்கள். அம்மாவுக்கும் என் மனைவிக்கும் தனித்தனியாகக் கிடைக்கும் என்று அட்டையைப் பிரித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

ஒரே வீட்டில் இருப்பது தடையல்ல. ஒரே அடுப்பில் உண்கிறீர்களா என்பதுதான் கேள்வி. குடும்பம் என்றால் ஒரு சமையல் என்பதே அட்டை விதியின் பொருள். தனிச் சமையல் உண்மையானால் பிரித்துக்கொள்ளுங்கள். அதற்காகவே ஒரு அடுப்பை மூலையில் வைத்து, விசாரணைக்கு வருபவர் போன பின் எடுத்துவைப்பதாக இருந்தால், நீங்கள் கையெழுத்திடுவது பொய்ச் சான்றில். அப்படி விசாரிக்கப் போய், அடுப்பில் சாம்பலும் இல்லை, குடத்தில் தண்ணீரும் இல்லை என்று நான் திரும்பிய வீடுகள் உண்டு. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், நிலம் நஞ்சை 5 ஏக்கர் அல்லது புஞ்சை 10 ஏக்கருக்குள் என்ற தகுதிகளும் இருப்பதால், அட்டை பிரிந்த உடனே பணம் வந்துவிடும் என்று நம்பிக்கொள்ளவும் வேண்டாம்.

அந்தியூர் வாசகர்: தந்தை இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பெயரை நீக்கினால் அரிசி குறையும் என்று அம்மா தடுக்கிறார்.

நீக்கிவிடுங்கள். இறப்புச் சான்றிதழ் இருந்தால் இணையவழியிலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. முன்னுரிமை இல்லாத அரிசி அட்டைக்குக் குறைந்தது 12, அதிகபட்சம் 20 கிலோ என்பதால், வீட்டில் இன்னும் ஐந்தாறு பேர் இருந்தால் ஒரு மணி அரிசியும் குறையாது. முன்னுரிமை அட்டை என்றால் குறையலாம்; அது உங்கள் தந்தைக்குரிய பங்கு, அவர் இல்லாதபோது அது யாருக்கும் உரியதல்ல. அம்மாவின் தயக்கம் அரிசியைப் பற்றியதாக மட்டும் இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. பெயரை அடிக்கச் சொல்வது அவருக்கு இன்னொரு முறை இழப்பதுபோல் இருக்கலாம். அவரையே அழைத்துக்கொண்டு போய் விண்ணப்பம் கொடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

சென்னிமலை வாசகி: தறி நெய்து பிழைக்கிறோம். ரேஷன் அரிசியில்தான் சோறும் இட்லியும். மகளுக்கு வரன் பார்க்க வந்தவர்கள் அடுக்களையை எட்டிப் பார்த்துவிட்டு, "ரேஷன் அரிசியா?" என்று கேட்டார்கள். அன்று முதல் எனக்குக் கடையில் அரிசி வாங்க வெட்கமாக இருக்கிறது; அதைச் சொன்னால் மாமியார் கோபிக்கிறார்.

மாமியார் கோபிப்பது நியாயம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, வீட்டில் 18 வயது நிறைந்த மூத்த பெண்ணையே அட்டையின் குடும்பத் தலைவராக வைக்கிறது. வாங்க வேண்டியதை வாங்கி, வீட்டாருக்குச் சமைத்துப் போடுகிற பெண்ணுக்கு இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. விதி எழுதியவர்கள் மனத்தில் வைத்திருந்த வீடு உங்களுடையதுதான். எட்டிப் பார்த்தவர்கள் வீட்டில் அந்த அரிசி எங்கே போகிறது என்று திரும்பக் கேட்டிருந்தால், பேச்சு வேறு திசைக்குப் போயிருக்கும். அரிசியும் பருப்பும் சோறாக்கி நெய் ஊற்றிப் போட்டால், எந்தக் கடை அரிசி என்று கேட்கும் நாக்கு நம் பக்கத்தில் இல்லை.

ஊர் குறிப்பிடாத ஒரு ரேஷன் கடை விற்பனையாளர்: எல்லோரும் எங்களையே திட்டுகிறார்கள். கிடங்கிலிருந்து வரும் 50 கிலோ மூட்டையில் இரண்டு கிலோ, மூன்று கிலோ குறைகிறது. கேட்டால் "இறக்கிக்கொள், இல்லாவிட்டால் லாரி அடுத்த கடைக்குப் போய்விடும்" என்கிறார்கள். குறைவை நாங்கள் எங்கே போய் ஈடுகட்டுவது? நீங்கள் அதிகாரியாக இருந்தவர்தானே, சொல்லுங்கள்.

இந்தக் கட்டில் எனக்குப் பதில் எழுதத் தயக்கமாக இருந்த கடிதம் இது ஒன்றுதான். நான் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு கடையில் இருப்பு ஆய்வுக்குப் போனேன். மூட்டைகள் அடுக்கி இருந்தன. எண்ணிக்கை சரியாக இருந்தது. மதிய வெயிலில் ஒவ்வொன்றையும் தராசில் ஏற்றச் சொல்ல மனமில்லை. எண்ணிக்கையை 50-ஆல் பெருக்கி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் வேறொருவர் எடை போட்டபோது மூட்டைக்கு மூட்டை குறைவு. அந்த விற்பனையாளரின் சம்பளத்தில் அது பிடிக்கப்பட்டது. என் கையெழுத்துக்கு யாரும் விலை கேட்கவில்லை. அவர் என்னைத் திட்டவும் இல்லை. எதிரில் வந்தால் வணக்கம் மட்டும் வைப்பார். ஆகவே, பொறுப்பு என்ற சொல் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு மட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உணவுப் பாதுகாப்புச் சட்டம்கூட, குறையைத் தீர்க்கச் சொல்லி வந்த ஆணையைத் தக்க காரணமின்றி நிறைவேற்றாத அலுவலருக்கு 5,000 ரூபாய் வரை தண்டம் என்று 33-ஆம் பிரிவில் எழுதி வைத்திருக்கிறது. அந்தத் தண்டத்தைக் கட்டிய அலுவலர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

இருந்தும் உங்கள் குறைவை அட்டைதாரரின் பையிலிருந்து ஈடுகட்ட முடியாது. மூட்டை குறைந்ததற்குச் சென்னிமலைத் தறிக்காரப் பெண்ணுக்கு அரைக் கிலோ குறைத்துப் போட்டால், கிடங்கு செய்ததையே நீங்களும் செய்கிறீர்கள், அவர் வேறு யாரிடமும் போய் ஈடுகட்ட முடியாது என்ற ஒரு வேறுபாட்டோடு. 2025 முதல் கடைகளில் மின்னணுத் தராசை, விரல் வைத்துப் பில் போடும் பி.ஓ.எஸ். கருவியோடு இணைத்து, தராசில் எடை சரியாக நின்றால்தான் பில் வரும் என்று செய்துவருவதால், அந்த வழி இனி அடைபட்டுவிடும்; அதே கட்டுப்பாட்டைக் கிடங்கிலும் வையுங்கள் என்று உங்கள் தொழிற்சங்கங்கள் கேட்பது முழுக்க நியாயம் என்றே கருதுகிறேன்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. மூட்டை இறங்கும்போது, எல்லாவற்றையும் போட முடியாவிட்டாலும் ஐந்து மூட்டையையாவது உங்கள் தராசில் ஏற்றுங்கள். குறைந்த எடையை லாரியோடு வரும் சீட்டில் எழுதி, கொண்டுவந்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அவர் மறுத்தால், 'கையெழுத்திட மறுத்தார்' என்று நீங்களே எழுதி, தேதி போட்டு, அன்றைக்கே கூட்டுறவுச் சங்கச் செயலாளருக்கும் வட்ட வழங்கல் அலுவலருக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுங்கள். முதல் மாதம் லாரி அடுத்த கடைக்குப் போகலாம். சீட்டின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆய்வுக்கு வருகிறவர் நான் செய்ததைப் போல எண்ணிப் பெருக்குகிறவராக இருந்தால், அதை எடுத்து அவர் முன்னால் வையுங்கள்.